பிரீவீலும் ஹெலிகாப்டரும்

2016இல் லூதியானாவுக்குச் சரக்குப் பார்க்கப் போனேன். வேலூரில் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு சைக்கிள் சாமான் தயாராகும் லூதியானா காசி மாதிரி, ஒரு முறையாவது போய்விட்டு வர வேண்டும். நேரம் மிச்சமாகுமே என்று சென்னையிலிருந்து டெல்லி வரை விமானத்தில் டிக்கெட் போட்டேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மேலே ஏறி அரை மணி நேரம் இருக்கும், விமானம் நாலைந்து குலுக்கு குலுக்கியது. பக்கத்து சீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டே இருந்தார். எனக்கோ விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. மாரடைப்புதான் என்று முடிவே கட்டிவிட்டேன். டெல்லியில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ரயிலைப் பிடித்தேன். ஊர் வந்து இசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. இது பீதி. பயப்பட ஒண்ணும் இல்ல" என்றார். வந்த நோயே பயம், அதற்கு மருந்து பயப்படாதே.

அதற்கப்புறம் எட்டு வருஷம் விமானத்தின் பக்கமே தலைவைக்கவில்லை. உயரம் எனக்குப் பயமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் மொபெட்டில் சாமான் மூட்டையோடு ஏறியவன் நான். பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகும்போது வராத பயம், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. ஹேண்டில் என் கையில் இல்லை, அதுதான் என் வியாதி. இதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் பல வருஷம் பிடித்தது.

அப்படிப்பட்டவன் 2024 நவம்பரில் ஹெலிகாப்டரில் ஏறினேன். காரணம் என் மனைவியின் முட்டி.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் ஜம்மு பக்கத்து மலைக்கோயிலான வைஷ்ணோதேவிக்கு வருகிறேன் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்துக் கத்ராவிலிருந்து கோயிலுக்கு நடைபாதை சுமார் 12 கிலோமீட்டர். எலும்பு டாக்டரோ மாடிப்படியே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே குதிரை இருக்கிறது, பல்லக்கு இருக்கிறது. குதிரை என்றால் அவளுக்கு நடுக்கம் (ஆளுக்கொரு பயம்). நாலு பேர் தோளில் உட்கார்ந்து போக மனசு வரவில்லை. மிஞ்சியது ஹெலிகாப்டர். கத்ராவிலிருந்து சஞ்சிசத் என்ற இடம் வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து கோயிலுக்கு இரண்டரை கிலோமீட்டர் நடை.

"நீங்க கீழயே இருங்க, நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் சொல்கிற வார்த்தையா அது? சரி, இரண்டு டிக்கெட் என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்றைக்கே வயிறு கலக்க ஆரம்பித்துவிட்டது.

செய்தி சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்கப் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. "இன்னா மாமா, ஹெலிகாப்டர்லயா போறீங்கோ?" என்று மச்சினன் மகன் ஆரம்பித்து வைத்தான். ஆளுக்கொரு விபத்தைக் கையில் வைத்திருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் நடிகை சௌந்தர்யாவைச் சொன்னார். பால்காரர் குன்னூரைச் சொன்னார். சித்தூரில் பெண் கொடுத்திருக்கும் பெரியம்மா மகன் ஆந்திர முதல்வராக இருந்த ராஜசேகர ரெட்டியைச் சொன்னார். அன்றைக்கு அவர் வரவிருந்தது சித்தூர் மாவட்டத்து நிகழ்ச்சிக்குத்தான், அதனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சாவு இன்னும் பழசாகவில்லை. டீக்கடையில் ஈரான் ஜனாதிபதி. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ. மலைக்கு நடுவே ஒரு ஹெலிகாப்டர் வானத்திலிருந்து அப்படியே பள்ளத்தாக்கில் விழுகிறது. கேதார்நாத்தில் பக்தர்களோடு விழுந்ததாகவும், அதிகம் பகிரும்படியும் கீழே எழுதியிருந்தது. அன்று ராத்திரி அதைப் பத்துப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் கடன் நோட்டைப் பின்பக்கம் திருப்பி, கேட்டதையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். யார் சொன்னது, எப்போது நடந்தது, எந்த ஊர், என்ன வண்டி, ஏன் விழுந்தது என்று ஐந்து கட்டம். கடைக்காரன் புத்தி, வரவு செலவு மாதிரி எழுதிப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ராத்திரி மகன் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடிக் கொடுத்தான்.

முதலில் கழன்றது சௌந்தர்யா. 2004 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு ஜக்கூரிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்தது ஹெலிகாப்டரே இல்லை. செஸ்னா 180 என்ற ஒற்றை எஞ்சின் குட்டி விமானம். இருபது வருஷமாக ஊரே ஹெலிகாப்டர் என்று சொல்கிறது, நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்தது அந்த வீடியோ. விழுந்தது நிஜம்தான், 2024 ஆகஸ்ட் 31. ஆனால் அதற்குள் ஆளே இல்லை. அந்த வருஷம் மே மாதம் கேதார்நாத்தில் கோளாறாகி அவசரமாக இறங்கிய ஹெலிகாப்டர் அது. பழுது பார்க்கக் கொண்டுபோவதற்காக விமானப்படையின் எம்ஐ-17 என்ற பெரிய ஹெலிகாப்டர் அதைக் கயிற்றில் கட்டித் தூக்கிப் போனது. காற்றில் சுமை கண்டபடி ஆட ஆரம்பித்ததும், தூக்கிய வண்டிக்கே ஆபத்து என்று கீழே விட்டுவிட்டார்கள். ரிப்பேருக்குப் போன பைக் டாடா ஏஸிலிருந்து கயிறு அறுந்து விழுந்ததைப் படம் பிடித்து, பைக் விபத்து என்று போட்ட கதை.

மிச்சம் இருந்தவை எல்லாம் நிஜம். 2009 செப்டம்பர் 2, நல்லமலைக் காடு, ராஜசேகர ரெட்டி. 2021 டிசம்பர் 8, குன்னூர், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர். 2022 அக்டோபர் 18, கேதார்நாத், 7 பேர். 2024 மே 19, ஈரான். கத்ராவிலேயே நடந்ததும் ஒன்று உண்டு: 2015 நவம்பர் 23, விமானியோடு 7 பேர். பறவை மோதியதாக அப்போது செய்திகளில் வந்தது. இதை மட்டும் மனைவியிடம் காட்டாமல் நோட்டை மூடினேன். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் காட்டினேன். படித்துவிட்டு, "சரி, நம்ம ஊரு பைபாஸுல எத்தன பேரு?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் நோட்டு இல்லை.

ஐந்தாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். கத்ராவின் பறவையைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாமே மேகம், மூடுபனி, மேகம், மூடுபனி. தெருவில் ஒருத்தர்கூட மேகத்தைப் பற்றிப் பேசவில்லை. எஞ்சின் நின்றுவிடும் என்றார்கள், இறக்கை கழன்றுவிடும் என்றார்கள், பழைய ராணுவ வண்டியைப் பெயின்ட் அடித்து ஓட்டுகிறார்கள் என்றார்கள், பாராசூட் கூடக் கொடுப்பதில்லை என்றார்கள். மேகம் யார் வாயிலும் வரவில்லை.

கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் பேரனின் சைக்கிளுக்குச் சாமான் வாங்க என் கடைக்கு வருவார். படையில் ஆள் இல்லாத வீடே இல்லை என்று பேரெடுத்து, ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. இவர் கடற்படை. அரக்கோணத்தில் ராஜாளி என்ற கடற்படை விமானத் தளத்தில் ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். 1992இல் தொடங்கிய தளம், கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பள்ளி அங்கேதான் இருக்கிறது. 2015 வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் வந்து இறங்கியதும் அங்கேதான். இப்படி ஒரு ஆள் வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து போகும்போது, நான் டீக்கடையில் பாடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நோட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு, "தம்பி, எஞ்சின் நின்னா கல்லு மாதிரி விழும்னுதானே பயம்? ஒரு பிரீவீல் எடு" என்றார்.

பிரீவீல் என்பது சைக்கிளின் பின் சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல் சக்கரம். பதினெட்டுப் பல் பிரீவீல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பத்து முறை கையில் எடுக்கிற சாமான்தான். ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும். மறுபக்கம் திருப்பினால் கிர்ர்ர் என்று சும்மா சுற்றும். அதை விரலில் மாட்டிச் சுற்றிவிட்டபடி சொன்னார்: "மிதிக்கிறத நிறுத்தினா சக்கரம் நின்னுடுதா? அது பாட்டுக்கு ஓடுதுல்ல? எஞ்சினுக்கும் மேல சுத்துற ரோட்டருக்கும் நடுவுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. எஞ்சின் நின்னா ரோட்டர அது தனியா விட்டுடும். வண்டி கீழ இறங்க இறங்க, அடியில இருந்து வர்ற காத்து ரோட்டரச் சுத்தும். சின்ன வயசுல பனையோலக் காத்தாடிய மாடியில இருந்து போட்டிருக்கியா? சுத்திக்கிட்டேதானே இறங்கும்? அப்படித்தான். விமானி உடனே இறக்கையோட சாய்வைக் குறைச்சு அந்தச் சுத்தைக் காப்பாத்திக்குவார். தரை கிட்ட வந்ததும், சேத்து வெச்ச சுத்தைச் செலவு பண்ணி மெத்துனு வெப்பார்."

இதற்கு ஆட்டோரொட்டேஷன் என்று பெயர். பயிற்சியில் விமானிகளை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்களாம். கேட்கும்போதே எனக்குத் தோள் இறங்கியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன். உயரமோ வேகமோ, ரெண்டுல ஒண்ணாவது கையில இருக்கணும். ரெண்டும் இல்லாம தாழ்வா தொங்கிட்டிருக்கும்போது நின்னா, இதெல்லாம் பண்ண நேரம் பத்தாது."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் அவர் சொன்ன மற்றதையும் நம்பினேன். ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போ என்று சொன்னவர்கள் பத்துப் பேர். அவர்களில் யாராலும் என் வயிற்றுக் கலக்கம் குறையவில்லை.

மேகத்தைப் பற்றிக் கேட்டேன். "எஞ்சினுக்கு நான் பயந்ததில்ல. மேகத்துக்குப் பயந்திருக்கேன்" என்றார். இந்த மாதிரிச் சின்ன ஹெலிகாப்டர்கள் மலையில் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் ஓட்டப்படுகின்றன. மேகத்துக்குள் புகுந்துவிட்டால் எது மலை, எது வானம் என்று தெரியாது. அதைவிட மோசம், உடம்பே பொய் சொல்லும். சாய்ந்து போவது நேராகப் போவது போலத் தோன்றும். குன்னூர் விசாரணையில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: திடீரென்று வானிலை மாறி, மேகத்துக்குள் போய், விமானிக்குத் திசை நிலை தடுமாறியது. "அதனால அங்க போய் நிக்கும்போது, இன்னைக்கு வேணாம்னு விமானி சொன்னா, சரின்னு வந்துடு. சண்ட போடாத. பின்னாடி நிக்கிற ஜனங்களோட அவசரம் இருக்கு பாரு, அதுவும் மேகம் மாதிரிதான்" என்றார். பிரீவீலுக்குக் காசு வாங்க நான் மறுத்தும், கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் ஒரு கூத்து. ஹெலிகாப்டர் டிக்கெட் என்று போனில் தேடியபோது முதலில் வந்த ஒரு தளத்தில் நம்பரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர் வந்தார். ரொம்ப மரியாதையாக இந்தியில் பேசினார், கோயில் படமெல்லாம் அனுப்பினார். 8,600 ரூபாய் அனுப்பினேன். டிக்கெட்டும் வந்தது, என் பெயரில் இரண்டு எழுத்து தப்பாக. திருத்தச் சொல்லிக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. மகன் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்தான். அந்தக் காசு இன்று வரை வரவில்லை. வைஷ்ணோதேவிக்கு என்றால் கோயில் வாரியத்தின் சொந்த இணையதளத்தில்தான் போட வேண்டும், கேதார்நாத்துக்கு ஐஆர்சிடிசி நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில்தான். நடுவில் யாராவது ஒரு ஆள் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் விழும் என்று எச்சரித்த தெருவில், டிக்கெட்டே பொய்யாக இருக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை பாருங்கள்.

இரண்டாவது தடவை சரியான இடத்தில் போட்டோம். ஒருவருக்கு ஒரு வழிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். கையோடு மகன் எங்கள் விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தான். உரிமம் பெற்ற விமானத்தில் பயணியாகப் போனால் செல்லும், மற்ற வான் சாகசங்களுக்குச் செல்லாது என்ற மாதிரி ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. உங்கள் பத்திரத்திலும் அந்த வரியைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

டெல்லி வரை விமானத்தில் போகலாம் என்ற பேச்சை நான் எடுக்கவே விடவில்லை. காட்பாடியில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் கத்ரா. புளிசாதம், எலுமிச்சை சாதம், பக்கத்து பெர்த்தில் நாகர்கோவில் குடும்பம். சொல்ல வேறு ஒன்றுமில்லை.

முதல் நாள் காலை ஆறரைக்கே ஹெலிபேடில் இருந்தோம். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது, நம் ஊரில் தேங்காய் நார் அடைத்த மெத்தை பிரிந்து கிடக்குமே, அப்படி. எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. கீழே வெயில் அடிக்கிறது, மேலே மட்டும் மேகம். பின்னால் நின்றவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவர் தன் ரயில் நேரத்தைச் சொல்லிக் கத்தினார். இன்னொருவர் கவுன்டரில் கையால் தட்டி, நேற்று இதைவிட மேகம் இருந்தும் விட்டீர்களே என்றார். அந்த ஆள் பேசப் பேச என் மனசிலும் ஒரு குரல்: மூன்று நாள் ரயிலில் வந்திருக்கிறோம், ஐந்து நிமிடப் பயணம், கொஞ்சம் மேகம்தானே? பயந்து செத்துக்கொண்டிருந்த எனக்கே அப்படித் தோன்றியது! கம்மவான்பேட்டைக்காரர் சொன்ன அவசரம் இதுதான் என்று அப்போது உறைத்தது. பதினொரு மணிக்கு அன்றைய பறப்பு ரத்து என்றார்கள். பணம் திரும்ப வரும், அல்லது மறுநாள் இடமிருந்தால் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் மறுநாளைக்கு ஒப்புக்கொண்டோம். ரயிலுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வைத்திருந்ததால் முடிந்தது. மலையில் ஹெலிகாப்டர் என்றால் இந்த இரண்டு நாள் இல்லாமல் திட்டம் போடாதீர்கள். இல்லையென்றால் கவுன்டரைத் தட்டுகிற ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. முதலில் எடை மேடை. எடை கூடினால் காசு பிடுங்கத்தான் என்று ஊரில் ஒருத்தர் சொல்லியிருந்தார். அது முக்கியமாக உட்காரும் இடத்தைப் பிரிப்பதற்கு. டபுள்ஸில் பின்னால் குண்டான ஆள் உட்கார்ந்தால் முன் சக்கரம் தூக்குகிறதே, அந்தக் கணக்குதான் இங்கேயும். எனக்கு விமானிக்குப் பக்கத்து இடம், மனைவிக்குப் பின்னால். புருஷன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு ஜோடி மல்லுக்கட்டியது. அந்த ஊழியர் பாவம்.

ஏறும் முன் மனைவி சால்வையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் குல்லாவை எடுத்துவிட்டேன். சுற்றுகிற காற்றில் இவை பறந்தால் நேராக ரோட்டருக்குத்தான் போகும். வண்டிக்குப் போவது எப்போதும் முன்பக்கமாக, விமானி நம்மைப் பார்க்கிற மாதிரி, குனிந்து. வால் பக்கம் போகவே கூடாது. அங்கே சுற்றும் சின்ன ரோட்டர் கண்ணுக்கே தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத்தில் அரசு அதிகாரி ஒருவரே அதில் அடிபட்டு இறந்தார். பறக்கும்போது அல்ல, வண்டி தரையில் நிற்கும்போது. இந்தச் செய்தியும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மேட்டு நிலமாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வரக் கூடாது, ரோட்டர் தலைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பது ராஜாளிக்காரர் சொன்ன இன்னொன்று.

கதவைச் சாத்தினார்கள். சத்தம் அதிகமானது. 2016இல் வந்த அதே மரப்பு விரல் நுனியில் ஆரம்பித்தது. வரும் என்று தெரிந்துதான் ஒரு ஏற்பாட்டோடு போயிருந்தேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வெறும் மூச்சை எண்ண எனக்கு வராது. அதனால் மனசுக்குள் ஒரு பின் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கோக்க ஆரம்பித்தேன். பின் சக்கரத்துக்கு நாற்பது கம்பி. மூச்சை இழுக்கும்போது கம்பியை ஹப்பின் ஓட்டைக்குள் நுழைப்பது, மெதுவாக விடும்போது ரிம்மில் நிப்பிளைப் போட்டு முறுக்குவது. ஒரு மூச்சுக்கு ஒரு கம்பி. முப்பது வருஷமாகச் செய்த வேலை, கை தானாகப் போகும். உங்களுக்குச் சக்கரம் வேண்டாம், பூ கட்டத் தெரிந்தால் பூ கட்டுங்கள், முறுக்கு பிழியத் தெரிந்தால் பிழியுங்கள். கைக்குப் பழகிய வேலையாக இருந்தால் போதும். அன்று காலை காபியும் குடிக்கவில்லை, போனில் எந்த வீடியோவும் பார்க்கவில்லை.

நாலாவது கம்பியில் தரை விலகியது. நின்ற இடத்திலேயே மெல்ல எழும்பி, மூக்கைத் தாழ்த்தி முன்னால் நகரும்போது வண்டி ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. சொல்லி வைக்காமல் இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். நின்ற நிலையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது அந்த அதிர்வு வரும், வேகம் பிடித்ததும் போய்விடும் என்று ராஜாளிக்காரர் சொல்லியிருந்தார். போய்விட்டது. பன்னிரண்டாவது கம்பியில் கண்ணைத் திறந்தேன். விமானியின் கையைத்தான் முதலில் பார்த்தேன். அவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவே இல்லை. இரண்டு விரலில் சும்மா தாங்கிக்கொண்டிருந்தார், நன்றாக ஓட்டத் தெரிந்தவன் சைக்கிளைப் பிடிக்கிற மாதிரி. எனக்கு ஏனோ அதற்கப்புறம்தான் வெளியே பார்க்கத் தோன்றியது. கீழே மலைச்சரிவில் நடைபாதை, வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து. அதில் எறும்பு மாதிரி ஜனங்கள். கத்ரா சுமார் 2,500 அடி, கோயில் 5,200 அடி, நாங்கள் இறங்கும் இடம் அதற்கும் மேலே. திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்தோம், வயிறு ஒரு நொடி தொண்டைக்கு வந்தது. கண்ணை எட்டத்து மலை விளிம்பில் வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பாறையைப் பார்த்தால்தான் தலை சுற்றுகிறது. முப்பத்தேழாவது கம்பியில் சஞ்சிசத் தரை வந்து காலில் இடித்தது. அந்தச் சக்கரத்துக்கு இன்னும் மூன்று கம்பி பாக்கி.

இறங்கியதும் மனைவி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு உண்மையான சோதனை அப்புறம்தான் வந்தது. சஞ்சிசத்திலிருந்து கோயிலுக்கு இறக்கம் என்று கேட்டு சந்தோஷப்பட்டிருந்தோம். முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். கைத்தடி ஒன்று வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். தரிசனம் நன்றாக ஆனது. திரும்பி வரும்போது எனக்குப் பின்னால் ஜன்னலோர இடம். அப்போதும் கம்பி கோத்தேன், ஆனால் நடுவில் எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

இதை 2025 மே மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தால் கதை இங்கே நின்றிருக்கும். மே 8, உத்தரகாசி ஹெலிகாப்டர், 6 பேர். ஜூன் 12, அகமதாபாத் விமானம். மூன்றே நாளில் ஜூன் 15, கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் பக்கம் விழுந்து, குழந்தை உட்பட 7 பேர். என் போன் ஓயவில்லை. "நல்ல வேளை மாமா, நீங்க போய்ட்டு வந்துட்டீங்கோ." விரல் நுனி மறுபடி மரத்தது. பயம் என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன், அது வெளியூர் போயிருந்தது, அவ்வளவுதான். நோட்டை எடுத்து எழுதினேன். கௌரிகுண்டுக்கு எதிரே ஐந்தாவது கட்டத்தில் மறுபடி மேகம், அதிகாலை நேரம். ஆகஸ்ட் 26 அன்று வைஷ்ணோதேவி நடைபாதையிலேயே அர்த்குவாரி பக்கம் மண் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். நடந்து போனால் பத்திரம் என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் அதைப் பற்றி எதுவும் அனுப்பவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை, ஓரத்தில் எழுதி வைத்தேன்.

மனைவிக்கு இப்போது கேதார்நாத் ஆசை. அது சஞ்சிசத் மாதிரி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கோயில் 11,700 அடிக்கு மேல். காற்று அடர்த்தி குறைந்தால் ரோட்டருக்குப் பிடிமானம் குறையும். பள்ளத்தாக்கு குறுகல். மேகம் மூடினால் வண்டியைத் திருப்ப இடம் தேட வேண்டும். மழை மாதங்களில் வேண்டவே வேண்டாம், வேண்டுமானால் மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபரில், கையில் நாலு நாள் உபரியாக வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று ஒப்பந்தம். அவள் இதைப் பயம் என்கிறாள். ராஜாளிக்காரர் என் பக்கம்.

விமானம்? இன்னும் ஏறவில்லை. லூதியானா போக மகன் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டே இருக்கிறான், நான் ஹிம்சாகர் அட்டவணை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கத்ராவில் எடை பார்த்துக் கொடுத்த சீட்டைக் கல்லாப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன், தைரியத்துக்குச் சான்றிதழ் மாதிரி. மனைவி அதை எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். என் பெயருக்கு நேரே 84 என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணிப் பொட்டலத்தோடு நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தச் சீட்டை ஒரு விரலால் தட்டிக் காட்டுகிறாள்.